இளமை நீங்கா உயிர்

தவளையின் முட்டையினின்றும் வெளிப்படும் தலைப்பிரட்டை, செவுளால் உயிர்த்து வாலால் நீந்திச் சின்னாளில் அவ்விரண்டையும் இழந்து, கால்கள் பெற்றுக் கரையேறுதலை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி முதலாக ஒன்பது இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும். இளமை எவ்வுயிர்க்கும் கழிந்தொழியும் பருவமென்றே நாம் எண்ணி வருகின்றோம். அது கழியாதே நின்றுவிடின் யாதாம்?

மெக்ஸிகோ நகரின் தென்பாலுள்ள ஸோச்சிமில்கோ நீர்நிலையில் ஆக்ஸலாட்டில் என்றோர் உயிர் உண்டு. பல்லி போன்ற வடிவினது. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுடையது. கழுத்தின் இருமருங்கும் இறகனைய செவுள்கள் மும்மூன்று விரிந்திருக்கும். இவை சாலமாந்தர் என்னும் இனத்தின் குஞ்சுகட்கு உரியன. ஆயினும் இவ்வுயிர் அக்கோலத்திலேயே முட்டையிட்டு இனம் பெருக்கும். 1864-இல் பாரிஸ் நகரத்து உயிர்க்காட்சிச் சாலைக்கு ஆறு ஆக்ஸலாட்டில்கள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பேணிய அகஸ்து துமெரில் என்பார் மறு ஆண்டில் ஒரு வியப்பைக் கண்டார். அவை ஈன்ற குஞ்சுகளுட் சில, செவுள் உதிர்ந்து, தோல் நிறம் மாறி, நிலத்தில் வாழும் சாலமாந்தர்களாயின! பெற்றோர் குழவிகளாகவே இருக்க, பிள்ளைகள் முதியராயினமை என்னே!

இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. 1920-இல் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டின் தைராய்டுச் சுரப்பியை ஆக்ஸலாட்டிலுக்கு உணவாக அளித்தார், அதுவும் உருமாறிற்று. அவ்வுயிர்க்குத் தைராய்டு இல்லாமலில்லை. அதனை ஏவும் தூண்டுதலே போதாது. ஆகவே முன்னோரின் முதுமைக்கோலம் அதனுள் அழிந்துபோகவில்லை, உறங்குகின்றது.

ஓர் உயிர் தன் வளர்ச்சியில் முன்னோர் பெற்ற முதிர்ந்த வடிவங்களை முறையே மீண்டும் காட்டுகின்றதென 1866-இல் ஹெக்கல் விதி வகுத்தார். அவர் கருத்துப்படி புதுமை யாவும் வளர்ச்சியின் இறுதியிலே வந்து கூடுவது. ஆக்ஸலாட்டிலோ அவ்விறுதியையே விட்டொழித்தது! 1922-இல் கார்ஸ்டாங் என்பார் ஹெக்கலின் விதியை மறுத்தார். பின்னர், பாறையில் ஒட்டி வாழும் கடற்பீச்சியின் குஞ்சு முதுகுநாணும் வாலும் பெற்று நீந்துதலைச் சுட்டி, அத்தகைய குஞ்சொன்று முதிராமல் நின்றதினின்றே முதுகெலும்புடைய உயிர்கள் தோன்றின என்றார். அழகிய கொள்கையே, எனினும் முன்னோர் தொடக்க முதலே நீந்தி வாழ்ந்தனர் என்பார் இன்று பலர். ஆதலின் அதனை முடிந்த முடிபாக யாம் கொள்ளோம்.

மனிதனைப் பற்றியும் 1926-இல் போல்க் என்பார் இவ்வாறே உரைத்தார். சிம்பன்சிக் குட்டியின் தட்டையான முகமும் உருண்ட தலையும் நம்மை ஒத்தன. வளர வளர அதன் தாடை முன்னீளும், நமக்கு நீள்வதில்லை. இஃது உண்மையே. ஆனால் நம் கால்களை நோக்குக: குழவிக்குக் கால் குறுகியது, வளர்ந்தார்க்கு நெடியது. இளமையே மனிதனை ஆக்கிற்றென்பார் இதற்கு விடை கூறல் அரிது. ஓருறுப்பு இளமையில் நிற்க, மற்றோருறுப்பு முதுமையையும் கடந்து செல்லுமென்று கொள்ளுதலே எமக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

ஆக்ஸலாட்டில் இன்று ஆய்வுக்கூடத் தொட்டிகளில் உலகெங்கும் பெருகியுள்ளது. அவற்றுட் பல அப்பாரிஸ் நகரத்து வழித்தோன்றல்களே. ஸோச்சிமில்கோவிலோ மிகச் சிலவே எஞ்சியுள்ளன. நீர் சுருங்கி மாசடைந்தது. மனிதர் கொணர்ந்துவிட்ட கெண்டையினமும் திலாப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் உண்கின்றன. கரையேறிப் பிழைக்கும் வழியை அவ்வுயிர் பண்டே கைவிட்டது.