இங்கிலீஷ் வீட்டுப்பாடம்: நாமும் உதவலாம்

பெங்களூரில் நம் பிள்ளைகள் மூன்று மொழிகளோடு வளர்கிறார்கள். வீட்டில் தமிழ். தெருவில் கன்னடம். பள்ளியில் இங்கிலீஷ்.

மாலையில் பிள்ளை இங்கிலீஷ் நோட்டைக் கொண்டு வந்து சந்தேகம் கேட்கிறது. "எனக்குத் தெரியாது, போ" என்கிறோம். பிள்ளை கைடு புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறது. நோட்டு நிறைகிறது. பாடம் புரிவதில்லை. பரீட்சையில் கேள்வியை மாற்றிக் கேட்டால் திகைக்கிறது.

இங்கிலீஷ் தெரியாமல் நாம் உதவ முடியுமா? முடியும்.

இலக்கணம்

நாய் பூனையைக் கடித்தது.
பூனையை நாய் கடித்தது.

இரண்டுக்கும் பொருள் ஒன்றே. கடிபட்டது பூனை. 'பூனையை' என்பதில் உள்ள 'ஐ' அதைக் காட்டுகிறது.

இங்கிலீஷில் இந்த 'ஐ' இல்லை. சொல் நிற்கும் இடமே பொருளைக் காட்டும். "தி டாக் பிட் தி கேட்" என்றால் நாய் கடித்தது. "தி கேட் பிட் தி டாக்" என்றால் பூனை கடித்தது! செய்தவர் முதலில். செயல் நடுவில்.

பிள்ளை எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். "செய்தது யார்? என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பல பிழைகளைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

கதைப் பாடம்

"கதையைத் தமிழ்ல சொல்லு, கண்ணு."
"ஒரு பையன் ஆத்தோரம் போனான்மா."
"ஏன் போனான்? அப்புறம் என்ன ஆச்சு?"

இப்படிக் கேட்டால் கதை மனதில் பதியும். பிறகு பிள்ளை சொந்தமாக ஐந்து சிறு வாக்கியங்கள் எழுதட்டும்.

யாரைக் கேட்கலாம்?

முதலில் வகுப்பு ஆசிரியரை. தயங்க வேண்டாம். ஆசிரியர்களும் பயிற்சி பெறுகிறார்கள். தென்மாநில ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சி தர, 1963இல் பெங்களூரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது.

நூலகமும் உதவும். கப்பன் பார்க்கில் உள்ள சிவப்புக் கட்டடம் மாநில மத்திய நூலகம். அந்தக் கட்டடம் 1915இல் கட்டப்பட்டது. அல்சூர் ஏரி அருகே தமிழ்ச் சங்கம் உள்ளது. அங்கும் நூலகம் உண்டு. விடுமுறை நாளில் பிள்ளையோடு போங்கள். அகராதி பார்க்கப் பழக்குங்கள்.

நாம் எழுத்துக் கூட்டிப் படித்தோம். கேட்டுக் கேட்டுக் கற்றோம். அந்தத் துணிவைப் பிள்ளைக்கும் கொடுப்போம்.

பயிற்சி

1. 'பூனையை' என்பதில் 'ஐ' எதைக் காட்டுகிறது?
2. கைடைப் பார்த்து எழுதினால் என்ன ஆகும்?
3. இன்று உங்கள் பிள்ளையிடம் ஒரு பாடக் கதையைக் கேளுங்கள். அதை நான்கு வரிகளில் தமிழில் எழுதுங்கள்.