ஆங்கிலம் பழகுவோம்: விருப்பத்தைச் சொல்லும் முறை

நம்மவர் வீட்டுக்கு ஒருவர் வந்தால் "ரீ குடிக்கிறியளோ?" என்று கேட்போம். "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பார் அவர். நாம் அதைக் காதில் வாங்காமல் கேத்திலை அடுப்பில் வைப்போம். அவரும் அதை எதிர்பார்த்துத்தான் வேண்டாம் என்றிருப்பார். இங்கிலாந்தில் இந்தக் கணக்குச் சரிவராது. இங்குள்ளவர்களிடம் ஒரு தடவை வேண்டாம் என்றால் பெரும்பாலும் விடயம் அத்துடன் முடிந்தது. மீண்டும் கேட்பது வற்புறுத்தலாகிவிடும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாம் பல வீடுகளிலிருந்து வறண்ட தொண்டையுடன் திரும்பியிருக்கின்றோம்.

ஆகவே இந்த இதழில் விருப்பு வெறுப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். பெரியவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகின்றோம். உச்சரிப்பைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுத் திருத்திக் கொள்ளலாம். அவர்களுக்கும் அதில் ஒரு பெருமை.

'ஐ லைக் ரீ' என்றால் தேநீர் எனக்கு எப்போதும் விருப்பமானது என்று பொருள். அது ஒரு தகவல் மட்டுமே. இப்போது ஒன்று வேண்டுமென்றால் 'ஐட் லைக் எ ரீ, பிளீஸ்' என்று சொல்ல வேண்டும். இடையில் வரும் அந்தச் சிறிய 'ட்' ஒலி 'வுட்' என்ற சொல்லின் சுருக்கம். 'ஐ வோன்ற்' என்பதும் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் வளர்ந்த ஒருவர் கடைக்காரரிடம் அப்படிச் சொன்னால் குழந்தை அடம்பிடிப்பது போல் கேட்கும்.

நம்மவர் அடிக்கடி விடும் பிழை ஒன்று உண்டு. "சாப்பாடு பிடிச்சிருக்கோ?" என்று கேட்டால் தமிழில் "ஓம், பிடிச்சிருக்கு" என்றால் போதும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'யெஸ், ஐ லைக்' என்று நிறுத்திவிடுகின்றோம். ஆங்கிலத்தில் அது ஒற்றைக் காலில் நிற்கும் வசனம். 'ஐ லைக் இற்' என்று முடிக்க வேண்டும். 'வெரி மச்' என்பதும் கடைசியில்தான் வரும்: 'ஐ லைக் இற் வெரி மச்'.

'லவ்' என்ற சொல்லைக் கேட்டு நம் பெண்கள் கூச்சப்படத் தேவையில்லை. 'ஐ லவ் யுவர் சாரி' என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் சேலை அழகாக இருக்கின்றது என்பது மட்டுமே பொருள். அழைப்பை ஏற்கும்போது 'ஐட் லவ் ரு' என்பார்கள். அதன் பின்னால் 'பற்' என்ற சொல் வந்தால் அவர் வரமாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சற்று ஆபத்தான இடத்துக்கு வருவோம். தேநீர் வேண்டுமா என்று கேட்கும்போது 'ஐம் ஓல் ரைற்' அல்லது 'ஐம் ஃபைன்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நம்மவர் "சரி" என்று நினைத்துக்கொண்டு 'ஓல் ரைற்' என்று சொல்லிவிட்டுக் கோப்பைக்காகக் காத்திருப்பார்கள்.

இதைவிடப் பொல்லாதது 'வுட் யூ மைன்ட்' என்று தொடங்கும் கேள்வி. 'மைன்ட்' என்பதற்கு இங்கே ஆட்சேபம் என்று பொருள். அதாவது "உங்களுக்கு ஏதும் ஆட்சேபம் உண்டோ?" என்று கேட்கின்றார்கள். சம்மதம் என்றால் 'நோ, நொற் அற் ஓல்' என்று சொல்ல வேண்டும். நாம் கணக்கு அலுவலகம் ஒன்றில் சேர்ந்த முதல் மாதம், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பதற்கு ஆறு மணிக்கு மேலும் நிற்க முடியுமா என்று மேலாளர் இந்த முறையில் கேட்டார். மேலதிக நேரச் சம்பளம் கிடைக்குமென்ற ஆசையில் நாம் உற்சாகமாக 'யெஸ், யெஸ்' என்றோம். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நாம் என்ன சொன்னோம் என்பது நமக்கு விளங்கவே சில மாதங்கள் ஆயின.

பணம் போனால் போகட்டும். நமது தாயார் மருத்துவமனையில் இருந்தபோது நடந்தது வேறு. அவர் பிறந்தது முதல் சைவம். உணவு எழுதிக்கொள்ள வந்த பெண்ணிடம் 'நோ லைக் சிக்கன்' என்றிருக்கின்றார். அடுத்த வேளை மீன் வந்தது. 'நோ லைக் ஃபிஷ்' என்றார். முட்டை வந்தது. மூன்று நாள் பாணும் ரீயுமாக இருந்துவிட்டு, நாம் கேட்டபோதுகூட "அதுகளுக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்" என்றார். அந்தப் பெண்ணில் பிழை இல்லை. 'லைக்' என்பது நாக்கின் ருசியைப் பற்றிய சொல். ருசிக்கு மாற்றுக் கொடுப்பதுதான் அவருடைய வேலை, கொடுத்தார். சமயமும் ஒழுக்கமும் சார்ந்த விடயத்தில் அந்தச் சொல்லைத் தொடவே கூடாது. 'ஐ டோன்ற் ஈற் மீற், ஃபிஷ் ஓர் எக்ஸ்' என்று சொல்ல வேண்டும். 'வெஜிரேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை சாப்பிடுபவர்களும் இங்கே தம்மை அப்படித்தான் சொல்கின்றார்கள். இந்த வசனத்தை ஒரு தாளில் எழுதி அம்மாமாரின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

இரண்டில் ஒன்று கூடுதல் விருப்பம் என்றால் 'பிரிஃபர்'. 'ஐ பிரிஃபர் ரீ ரு கோப்பி' என்பதே சரி. இங்கே 'தன்' வராது. 'ராதர்' என்ற சொல்லுடன்தான் 'தன்' வரும்: 'ஐட் ராதர் வோக் தன் டிரைவ்'. மறுப்பதற்கும் இந்தச் சொல் நல்ல துணை. ஊரில் என்ன நடந்தது, யாரை இழந்தீர்கள் என்று வேலையிடத்தில் யாராவது கேட்கலாம். சொல்ல மனமில்லையென்றால் 'ஐட் ராதர் நொற் ரோக் அபவுற் இற்' என்று சொல்லலாம். அதை மரியாதைக் குறைவாக எடுக்கமாட்டார்கள். காரணம் சொல்லவும் தேவையில்லை.

மருத்துவரிடமும் 'பிரிஃபர்' உதவும். 'ஐட் பிரிஃபர் ரு சீ எ லேடி டொக்டர்' என்று கேட்கத் தயங்கி நோயை மறைத்த பெண்கள் நம்மிடையே உண்டு. 2009ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்ட இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவைச் சாசனத்தில் இதற்கு இடம் இருக்கின்றது. நீங்கள் பதிவு செய்த குடும்ப மருத்துவ நிலையத்தில் குறிப்பிட்ட ஒரு மருத்துவரைப் பார்க்க விருப்பம் தெரிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை நிறைவேற்ற அவர்கள் முயல வேண்டும்.

பாடசாலை அனுமதிப் படிவத்திலும் இதே சொல்தான் இருக்கின்றது: 'பிரிஃபரன்ஸ்'. தெரிவு என்று அதில் எழுதவில்லை; நீங்கள் விரும்பும் ஒழுங்கு என்றே பொருள். இலண்டனில் ஆறு பாடசாலைகள் வரை எழுதலாம். ஒரே பெயரை மட்டும் எழுதினால் அங்கேயே தந்தாக வேண்டும் என்று நம்மவர் பலர் நினைக்கின்றார்கள். அப்படி எழுதிய ஒரு குடும்பத்தின் பிள்ளை, இடம் மிஞ்சியிருந்த தூரத்துப் பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏறிப் போனது. நீங்கள் எத்தனையாம் இடத்தில் எழுதினீர்கள் என்று பார்த்துப் பாடசாலை இடம் கொடுப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் விதிக்கோவை அதைத் தடைசெய்துவிட்டது. தூரம், அங்கே படிக்கும் சகோதரர் போன்ற தத்தம் விதிகளின்படியே ஒவ்வொரு பாடசாலையிலும் வரிசை போடப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைக்குமானால், உங்கள் பட்டியலில் மேலே உள்ளது உங்களுக்கு வரும். எனவே வீட்டுக்குக் கிட்டிய பாடசாலையை ஆறாவதாக எழுதுவதால் முதலாவதற்கு ஒரு பாதகமும் இல்லை.

இடைநிலைப் பாடசாலைக்கு ஒக்ரோபர் 31, ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15 கடைசி நாள். படிவம் விளங்காதவர்கள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் நம்மிடம் வரலாம். வரும்போது ஆறு பெயர்களையும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.