விருந்தினரும் பவளத் தீவும்

சிறிய தீவு ஒன்றுக்கு உல்லாசப் பயணிகள் வருவது நன்மையா, தீமையா? புவியியல் வகுப்பில் இக்கேள்வி எழுந்தபோது, பிலிப்பைன்ஸ் நாட்டுத் தீவுகள் இரண்டை எடுத்து ஆராய்ந்தோம்.

பவளப்பாறை வெறும் கல்லன்று. மிகச் சிறிய கடல் விலங்குகள் நெடுங்காலமாகக் கட்டிய வீடு. மீன்குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். வெடி வைத்தும் சயனைடு நஞ்சு கலந்தும் மீன் பிடித்ததால் அத்தொட்டில் சிதைந்தது.

சிலிமன் பல்கலைக்கழக அறிஞர் ஏஞ்சல் அல்கலா இதற்கு ஒரு வழி கண்டார். பாறையின் ஒரு பகுதியில் மட்டும் மீன்பிடிப்பை நிறுத்துவதே அது. 1974இல் சுமிலான் தீவில் இது தொடங்கியது. ஆனால் 1984 முதல் அங்குக் காவல் தளர்ந்தது. பாறை முழுவதிலும் வலை வீசியும் மீன்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது!

நீக்ரோஸ் தீவை அடுத்த ஆப்போவிலோ, மீனவர்களே முடிவெடுத்தனர். பல நாள் பேச்சுக்குப் பின், முதலில் ஒரு சில குடும்பங்கள் இசைந்தன. 1982இல் சுமார் 450 மீட்டர் நீளக் கரையை ஒட்டிய கடலை விலக்கி வைத்துத் தாமே காவல் காத்தனர். 1983க்கும் 2001க்கும் இடையே அங்குப் பாரை உள்ளிட்ட இரு மீன் குடும்பங்களின் மொத்த எடை மும்மடங்காயிற்று.

மீன் பெருகியது, அதைக் காண விருந்தினரும் பெருகினர். கட்டணம், படகு வாடகை, தங்குமிடம் எனத் தீவினருக்கு வருவாய் கிடைத்தது. ஆயினும் புதிய சிக்கல்களும் எழுந்தன. 1994இல் அரசு பொறுப்பேற்றபின், கட்டணத்தில் தங்கள் பங்கு தாமதமாக வருவதாகத் தீவினர் குறைப்பட்டனர். 2011, 2012 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர்ப் புயல்கள் காப்பிடத்துப் பவளத்தை நொறுக்கின. உடனே அப்பகுதி பயணிகளுக்கு மூடப்பட்டது. வருவாயைவிடப் பாறையே பெரிதெனக் கருதப்பட்டது.

இவற்றிலிருந்து நாங்கள் கற்றவை மூன்று. முதலாவது, கடலைக் காக்கும் முடிவில் கரையில் வாழ்வோருக்குப் பங்கு வேண்டும். இரண்டாவது, வருவாயில் உரிய பங்கு காலத்தே அவர்களைச் சேர வேண்டும். மூன்றாவது, தீவின் நன்னீரும் பாறையும் தாங்கும் அளவுக்கே விருந்தினரை அனுமதிக்க வேண்டும்.

விருந்தினருக்கும் கடமை உண்டு. பவளத்தின் மேல் நிற்கலாகாது, அங்கு நங்கூரம் இடலாகாது, ஆமையைத் தொடலாகாது, குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். பிறர் வீட்டுக்குச் செல்லும்போது நாம் காக்கும் ஒழுங்கைக் கடலிலும் காப்போமாயின், தோழியரே, எங்கள் கேள்விக்கு "நன்மையே" என்று விடை கூறலாம்.