மறைமொழிப் பொறியும் தமிழ் எழுத்திலக்கணமும்

ஒரு செய்தியை உரியவர்க்கு மட்டும் விளங்குமாறு கூறும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். இதனைக் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் அடக்குவது நன்னூல் மரபு. நம் திருமலைராயன்பட்டினத்து அவையில் எமகண்டம் பாடியவராகச் சொல்லப்படும் காளமேகப் புலவர், பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் சிலேடையாக வைத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் கடிதத் தலைப்பில் 786 என்று எழுதுவதும் ஒருவகைக் குறியே. பிஸ்மில்லாஹ் தொடரின் அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் உரிய எண்களைக் கூட்டினால் வரும் தொகை அது.

மறைத்ததை விடுவிக்கும் கலையின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் அங்கே ஓர் இலக்கண ஆசிரியரைக் காண்கிறோம். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பஸரா நகரத்துக் கலீல் இப்னு அஹ்மத் 8ஆம் நூற்றாண்டினர். கிரேக்க மொழியில் மறைத்தெழுதிய மடல் ஒன்று அவரிடம் வந்ததாம். அது இறைவன் பெயரைக் கூறித்தான் தொடங்கியிருக்கும் என ஊகித்து, அவ்வூகத்தைக் கொண்டே ஏனைய எழுத்துகளை மீட்டார் என்பர். அடுத்த நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, ஒரு மொழியில் எவ்வெழுத்து மிகுதியாக வரும், எதனோடு எது சேராது என்று ஆராய்ந்து மறைமொழியை விடுவிக்கும் முறையைத் தனி நூலாகவே எழுதினார். எதனோடு எது சேரும் என்பது நமக்கு மெய்ம்மயக்கம் அல்லவா!

எழுத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு அகப்படாதவாறு எழுந்ததே எனிக்மா என்னும் பொறி. ஜெர்மானியப் பொறியாளர் ஆர்தர் ஷெர்பியஸ் 1918இல் இதற்குக் காப்புரிமை கோரினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் இதனையே நம்பின. இப்பொறி இன்று அருங்காட்சியகப் பொருள். ஆயினும் அதனை அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள்கள் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. திரையில் மூன்று சக்கரங்கள், விளக்குகள், விசைகள், கம்பி இணைப்புப் பலகை ஆகியவை தோன்றும். முதல் மூன்று சக்கரங்களை இடமிருந்து வலமாக வரிசையில் வைத்து, பி எனக் குறித்த திருப்பியைத் தேர்ந்து, வளையங்களையும் தொடக்க நிலையையும் ஏ-இல் நிறுத்தி, கம்பி இணைக்காமல் ஏ என்னும் விசையை ஐந்து முறை அழுத்துக. பி, டி, இசட், ஜி, ஓ என விளக்குகள் எரியும். ஒரே எழுத்து ஐந்து வேடம் பூண்கிறது; ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வலச் சக்கரம் ஒரு படி நகர்வதே காரணம். சக்கரங்களைப் பழைய நிலைக்குத் திருப்பி இவ்வைந்தையும் அழுத்தினால் மீண்டும் ஏ-யே வரும்.

ஐந்து சக்கரங்களுள் மூன்றை 60 வகையாக அடுக்கலாம்; தொடக்க நிலைகள் 17,576. பத்துக் கம்பிகளை இணைக்கும் வகைகள் மட்டுமே 150 இலட்சம் கோடிக்கு மேல். இத்துணைப் பெரிய கோட்டைக்கும் ஒரு சிறு வாயில் இருந்தது. உட்சென்ற மின்னோட்டத்தைத் திருப்பி வேறு வழியில் அனுப்பும் உறுப்பினால், எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. ஏ ஒருபோதும் ஏ ஆகாது. 1932இலேயே போலந்துக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி இப்பொறியின் உள்ளமைப்பைக் கண்டறிந்திருந்தார். பின்னர் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங், வானிலை அறிக்கை போன்றவற்றில் வந்தே தீரும் சொற்களை ஊகித்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். கலீல் கையாண்ட வழியே அது. (டூரிங்கின் தாயார் சாரா பிறந்த ஊர் நம் கோவைப் போத்தனூர், தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர்.)

வகுப்பில் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு குழு தமிழ்க் கடிதத்தை ஆங்கில எழுத்துகளில் எழுதி மறைக்கட்டும். பிஸ்மில்லாஹ்வுக்கு முன் சிலர் ஊரும் நாளும் எழுதுவர், சிலர் எழுதார். ஆகவே தொடர் நிற்கும் இடம் தெரியாது. ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் 24 எழுத்து வரும். அதை மறைமொழியின் கீழே வைத்து ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்த்துக. மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்ப்படும் இடமெல்லாம் தள்ளுபடி. பொருந்தாத இடங்களுள் பத்துக்கு ஆறு இவ்வாறே விலகிவிடும்.

அடுத்து, இரு சக்கரங்களின் தொடக்கத்தைச் சொல்லி, வலச் சக்கரத்தை மட்டும் மறைத்துவிடுக. 26 முறை முயலவேண்டும்; 25 முறை வருவது வெற்றுக் குப்பை. தமிழ் எது, குப்பை எது என்று தீர்ப்பளிக்க எழுத்ததிகாரம் வேண்டும். சொல்லிடைவெளிக்கு ஜெர்மானியரைப் போல எக்ஸ் இட்டிருந்தால் மொழிமுதலும் மொழியிறுதியும் கண்ணுக்குப் புலப்படும். தமிழ்ச் சொல் ரகர லகரங்களில் தொடங்காது. ரஹீம், லத்தீஃப் போன்ற பெயர்களை ஒதுக்கிக்கொள்க. தனித்து நிற்கும் சொல் வல்லின மெய்யில் முடியாது. அஹ்மத் வந்தால் அதுவும் விலக்கு. சொல்லிறுதியில் வல்லினம் நின்றால், அது மிகுந்த ஒற்றாகவே இருத்தல் வேண்டும். அப்போது எக்ஸுக்கு அப்பாலும் அதே எழுத்து நிற்கும். ‘அதைப் பார்’ என்பதில் பி, எக்ஸ், பி. ஒற்று மிகும் இடங்களை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு மறந்த மாணவர், அந்தப் பி, எக்ஸ், பி-யைத் திரையில் தேடும்போது அவ்விதியின் பயனை அறிவர்.