உடன்படிக்கை எழுதும் முறை

இரு ஸ்தாபனங்கள் சேர்ந்து ஒரு காரியஞ் செய்ய இணங்குவது எளிது. அவ்விணக்கத்தை எழுத்தில் வடிப்பதே அரிது. கூட்டத்தில் யாவரும் தலையசைப்பர். எழுதத் தொடங்கியதும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பொருள் தோன்றும். இதனைக் கற்க விரும்பும் மாணவர்க்குத் தென்னிந்தியத் திருச்சபை உருவான வரலாற்றையே நாம் காட்டுவோம்.

1919ஆம் ஆண்டு மே மாதத்தில், அசரியா அத்தியட்சரும் வேறு பல குருமாரும் தரங்கம்பாடியில் கூடிச் சபைகளின் ஐக்கியத்தை வேண்டி அறிக்கை விடுத்தனர். கூடியோருள் பெரும்பான்மையோர் இந்தியர். ஐக்கியம் நிறைவேறியதோ 1947 செப்டம்பர் 27ஆந் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் வாசகம் அமைப்பதற்கே நெடுங்காலம் சென்றது. ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் 1920 முதல் கூட்டுக் கமிட்டியில் ஆலோசித்தனர்; 1925இல் வெஸ்லியன் மெதடிஸ்தர் சேர்ந்தனர்; 1929இல் திட்டம் முதன்முதல் வெளியாகிப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது.

முடிச்சு விழுந்த இடம் அத்தியட்சர் பதவி. ஆங்கிலிக்கர் அதனை விட்டுக்கொடார். பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழிவந்த ஐக்கிய சபையாரோ, அஃதின்றியே தம் குருமார் மெய்யான குருமார் என்றனர். எழுதியோர் செய்தது யாது? அப்பதவி உண்டு, அது சபைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று நடைமுறையை ஐயமற எழுதினர். அதைப்பற்றிய எந்த ஒரு விளக்கத்தையும் எல்லோரும் ஏற்கவேண்டுமென்று எழுதவில்லை. இதனை மழுப்பல் என்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதோம். நாளைக்கு யார் எதைச் செய்வது என்பது அவ்வாசகத்தில் தெளிவாகவே இருந்தது.

முன்னரே ஊழியஞ் செய்துவந்த குருமார் மறுபடி பட்டம் பெறாமலே ஏற்கப்பட்டனர். பின்வருவோர்க்கு அத்தியட்சர் பட்டமளிப்பது விதியாயிற்று. வெளிச்சபைக் குருமாரை ஏற்பது பற்றிய பிரச்சினையை முப்பது ஆண்டு சென்றபின் தீர்மானிப்பதென ஒத்திவைத்தனர். தீராததைத் தீர்ந்ததுபோல எழுதாமல், அதற்கு ஒரு காலவரை இட்டது நல்ல யுக்தி. யாவற்றினும் மேலாக, எந்தச் சபையார்மீதும் அவர்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியத்தையோ வழிபாட்டையோ சுமத்துவதில்லை என்று வாக்களித்தனர். திருவிருந்துப் பந்தியில் யார் கையால் அப்பம் பெறுவது என்பது சிற்றூர் விசுவாசிக்கும் உயிர்போன்ற விஷயமன்றோ! அவ்வாக்கு இல்லையேல் பலர் கையொப்பத்துக்கே வந்திரார்.

அசரியா அத்தியட்சர் 1945 ஜனவரி 1ஆந் தேதி காலமானார். அதே மாதத்திலேயே ஆங்கிலிக்கன் சபையின் பொதுமன்றம் திட்டத்துக்கு இசைவளித்தது. ஆயினும் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கருள் பலர் 1947இல் இணையாது நின்றனர்.