‘சலாரியுஸ்’ – உப்பில் பிறந்த சொல்



மரக்காணத்து உப்பளங்களை நாம் அறிவோம். பாத்தியில் விளைந்த உப்பைக் கூடையில் சுமந்து வந்து குவிக்கிறார்கள், நம் ஊர்ப் பெண்கள். மாலையில் கூலி பெறுகிறார்கள். கூலிக்கும் உப்புக்கும் உள்ள உறவை ஓர் இலத்தீன் சொல் நமக்குக் காட்டுகிறது.

இலத்தீனை நாம் முற்றிலும் அறியாதவர் அல்லர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடும்வரை நம் கோவில்களில் பூசை அம்மொழியிலேதான் நடந்தது.

உப்புக்கு இலத்தீனில் ‘சால்’ என்று பெயர். ‘தொடர்புடைய’ என்று பொருள்படும் ‘ஆரியுஸ்’ விகுதி அதனோடு சேர்ந்து ‘சலாரியுஸ்’ ஆயிற்று. ‘உப்புக்குரிய’ என்பது பொருள். பெயரடையாக இது அருகியே வழங்கிற்று.

நல்ல தம்பி, நல்ல தங்கை, நல்ல வீடு எனத் தமிழில் பெயரடை மாறாமல் நிற்கும். இலத்தீனிலோ, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப மாறும். பொருள்களுக்கும் அங்கே பால் உண்டு. சாலை என்னும் சொல் பெண்பால்! பெயர் மறைந்து, அடையே பெயராக நிற்பதும் உண்டு. இச்சொல்லின் மூன்று பால்களும் அவ்வாறே பெயர்களாயின:

ஆண்பால் – சலாரியுஸ்: உப்பிட்ட மீன் விற்பவர், நம் கருவாட்டு வியாபாரி போல.

பெண்பால் – சலாரியா: உரோமையிலிருந்து அதிரியக் கடலுக்குச் செல்லும் உப்புச் சாலை. நம் சங்ககால உமணர் வண்டிகளில் உப்பேற்றிச் சென்றதை இது நினைவூட்டும்.

அலிப்பால் – ‘சலாரியும்’: ஊதியம். ஆங்கிலத்துச் ‘சாலரி’ இதன் வழி வந்ததே.

உரோமைப் போர்வீரருக்கு உப்பே கூலியாக அளக்கப்பட்டது என்பர். முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி, ஊதியத்தின் பெயர் உப்பிலிருந்து வந்தது என்று மட்டுமே எழுதினார். உப்பை அளந்து கொடுத்ததற்குத் தெளிவான பழஞ்சான்று இல்லை. அதுபோல, சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததே ‘சம்பளம்’ என்பர் நம்மவர். வழிச்செலவைக் குறிக்கும் ‘சம்பலம்’ என்ற வடசொல்லே அதன் மூலம் என்பாரும் உளர். கதை இனிக்கிறது என்பதற்காக அது மெய்யாகிவிடாது. சான்று தேடுவதே கல்வி.

ஆனால் ஒன்றுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. ஐப்பசி மழை இறங்கினால் அளத்தில் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். சோற்றில் உப்பிடும்போது, அதை விளைவித்த கைகளையும் அவற்றுக்குரிய நியாயமான கூலியையும் நினைப்போமாக.