குறைவா தட்டுங்க, சரியா தேடுங்க: ஆங்கிலப் பட்டியலில் உங்கள் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பயனாளிகள் பட்டியல், வேலைவாய்ப்பு அறிவிக்கை, திட்ட விதிமுறைகள் எனப் பலவும் இப்போது பிடிஎஃப் கோப்பாக நம் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. பல கோப்புகள் ஆங்கிலத்தில், பல பக்கங்களுக்கு நீளும். தேடும் வசதியில் பெயரை முழுசா தட்டிப் பார்க்கிறோம். "0/0" என்று காட்டுகிறது. உடனே, "நம்ம பேரு இல்லப்பா" என்று கோப்பை மூடிவிடுகிறோம்.

ஆனால் உங்கள் பெயர் அதே பட்டியலில், வேறு ஆங்கில எழுத்துகளில் இருக்கலாம். ஒரே ஓர் எழுத்து மாறியதால் கிடைக்க வேண்டிய உதவியைத் தவறவிடக் கூடாது. அதற்கான எளிய பயிற்சிதான் இந்தக் கட்டுரை.

தேடும் வசதி எங்கே இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போனில் குரோம் வழியாக இணையப் பக்கத்தைத் திறந்திருந்தால், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் 'ஃபைண்ட் இன் பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் சஃபாரியில் ஷேர் பட்டனைத் தொட்டால் 'ஃபைண்ட் ஆன் பேஜ்' கிடைக்கும். பிடிஎஃப் திறக்கும் ஆப்களில் பெரும்பாலும் பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்கும். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்ற கவலை வேண்டாம். வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

அடிப்படை விதி ஒன்றுதான்

இந்த வசதிக்குச் சொல்லின் பொருள் தெரியாது, உச்சரிப்பும் தெரியாது. நீங்கள் தட்டிய எழுத்துகள் அதே வரிசையில் எங்கே வருகின்றன என்று மட்டும் பார்க்கும். சொல்லின் நடுவில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அதனால் முழுச் சொல்லையும் தட்டத் தேவையில்லை. எப்படி எழுதினாலும் மாறாத பகுதியை மட்டும் தட்டினால் போதும்.

பெயர்களில் செய்து பார்ப்போம்

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத எல்லோரும் பின்பற்றும் ஒரே முறை இல்லை. 'ழ' வரும் இடத்தில் ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் மட்டும் போடுவார். 'ச' வந்தால் எஸ் அல்லது சி-ஹெச். நெடில் வந்தால் ஏ ஒன்றா, இரண்டா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

• தமிழ்ச்செல்வி: முன்பாதியில் டி-க்குப் பிறகு ஹெச் வரலாம், ழகரம் மாறலாம், 'செ' மாறலாம். கடைசியில் வரும் இ-எல்-வி-ஐ பெரும்பாலும் மாறாது. அதைத் தட்டுங்க.

• எழிலரசி: முதல் பகுதி பலவிதமாக வரும். ஐ-எல்-ஏ-ஆர்-ஏ-எஸ்-ஐ என்று தேடினால் இசட் போட்டவரும் கிடைப்பார், எல் போட்டவரும் கிடைப்பார்.

• செந்தில்: 'தி' என்பதற்கு டி (டீக்கடை டி) போடுவோரும் உண்டு, டி (டாக்டர் டி) போடுவோரும் உண்டு. பின்பாதியில் பொதுவாக இருப்பது ஹெச்-ஐ-எல். மூன்றே எழுத்து என்பதால் தேவையில்லாத சொற்களும் வரலாம். அப்போது இரண்டு விதமாகவும் தனித்தனியே ஒருமுறை தேடிவிடுங்கள்.

தலைப்பெழுத்தைச் சேர்க்காதீர்கள். அது பெயருக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். நடுவில் புள்ளி இருக்கலாம், இடைவெளி இருக்கலாம்.

ஊர்ப் பெயருக்கும் இதே வழிதான். திருவள்ளூர் மாவட்டத்தை ஹெச் சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். வி-ஏ-எல்-எல்-யு-ஆர் என்றால் இரண்டுமே சிக்கும். கன்னியாகுமரிக்குப் பின்பாதியான 'குமரி' போதும்.

அலுவலகச் சொற்கள்

ஆதார் என்பதன் அதிகாரப்பூர்வ ஆங்கில வடிவத்தில் முன்னால் இரண்டு ஏ, பின்னால் இரண்டு ஏ. பலர் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். நடுவில் உள்ள ஏ-டி-ஹெச்-ஏ எல்லா வடிவத்துக்கும் பொது. லைசென்ஸ் என்பதைக் கடைசியில் சி போட்டும் எழுதுவார்கள், எஸ் போட்டும் எழுதுவார்கள். எல்-ஐ-சி-இ-என் வரை தட்டினால் போதும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று பார்க்க எஸ்-ஐ-ஜி-என். சிக்னேச்சர், சைன்டு என எல்லாமே வந்துவிடும்.

அளவுக்கு மீறி வந்தால்?

குறைவா தட்டினால் இந்தத் தொல்லையும் உண்டு. வயது வரம்பைப் பார்க்க ஏ-ஜி-இ என்று தட்டினால் வில்லேஜ், மேரேஜ், பேஜ் என்று எல்லாமே வந்து நிற்கும். அதற்குப் பதில் 'இயர்ஸ்' என்று தேடுங்கள். கடைசித் தேதிக்காக 'டேட்' என்று தேடினால் 'கேண்டிடேட்' வரும் இடமெல்லாம் காட்டும்; வேலைவாய்ப்பு அறிவிக்கையில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. 'லாஸ்ட் டேட்' என்று இரு சொல்லாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 'குளோசிங் டேட்' என்று பாருங்கள்.

தகுதி பற்றி அறிய இ-எல்-ஐ-ஜி என்று தட்டினால் 'ரிலிஜன்' என்ற சொல்லும் வரும். 'எலிஜிபிள்' என்பதில் அடுத்து வரும் ஐ, பி இரண்டையும் சேர்த்தால் அது விலகிவிடும். ஒரு எச்சரிக்கை: தகுதியில்லை என்று பொருள்படும் 'இன்எலிஜிபிள்' என்பதற்குள்ளும் இதே எழுத்துகள் இருக்கின்றன. சொல் கிடைத்ததும் நிறுத்தாமல் வரியை முழுசா படிங்க.

அப்போதும் "0/0" வந்தால்?

முதலில் கோப்பைச் சோதியுங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒரு சொல்லைத் தட்டித் தேடுங்க. அதுவும் கிடைக்கவில்லை என்றால், அது ஸ்கேன் செய்த கோப்பாக இருக்கலாம். அதில் இருப்பது எழுத்தின் படம் மட்டுமே, அங்கே இந்தத் தேடல் எடுபடாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எண் இருந்தால் எண்ணையே தேடுங்கள். விண்ணப்ப எண், பதிவெண் போன்றவற்றில் உச்சரிப்புக் குழப்பம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்க, வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் கவ் டாட் இன் தளத்தில் வாக்காளர் அடையாள அட்டை எண்ணைப் பதிவிட்டுத் தேடலாம்.

பெயர் கிடைத்துவிட்டதா? தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், எண் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதே பெயரில் வேறொருவரும் இருக்கலாம். உங்கள் பெயர்தான், ஆனால் எழுத்து மாறியிருக்கிறது என்றால் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் 8.

இப்போதே ஒரு பயிற்சி

உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதுங்க. எல்லாவற்றிலும் மாறாமல் வரும் எழுத்துகளுக்கு அடிக்கோடு போடுங்க. வீட்டில் உள்ளவர்கள் பெயருக்கும் செய்து, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டியல் வரும்போது, 'பேரு இல்ல' என்று முடிவெடுக்கும் முன் அந்த எழுத்துகளை ஒருமுறை தட்டிப் பாருங்க.